குரோமியத் தண்ணீருக்கு உமிக்கரி போதுமா?

பாலாற்றங்கரை | 3-6-2024, காலை 7.10
ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்து ஆழ்துளைக் கிணறு. வெள்ளை வாளியில் பிடித்தால் லேசா மஞ்சள் தெரியும். பரிசோதனைத் தாளில் இருப்பது: குரோமியம்-6 லிட்டருக்கு 2 மி.கி., பி.எச். 7.6, டி.டி.எஸ். (கரைந்த உப்புகள்) 2,400, சல்பேட் 400, காரத்தன்மை 300, கடைசி மூன்றும் லிட்டருக்கு மி.கி. உமியை உயிர்க்கரியாக்கி (காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி) வடிகட்டினால் கனஉலோகம் 99 சதவீதம் போயிடும்னு பல இடத்தில் எழுதியிருக்காங்க. உமி ரைஸ் மில்லில் மலிவா கிடைக்குது. ஆயிரம் லிட்டருக்கு எத்தனை கிலோ கரி வேணும்? நேரா சொல்லுங்க.

கரிச்சட்டி | 3-6-2024, காலை 9.25
நேரா சொன்னால்: சும்மா உமிக்கரி போட்டால் இந்தத் தண்ணீரில் எத்தனை கிலோ கொட்டினாலும் பெரிதாக எதுவும் நடக்காது.

"கனஉலோகம்" என்று மொத்தமாகப் பேசுவதில்தான் முதல் கோளாறு. ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம் நீரில் நேர் அயனிகள். குரோமியம்-6 அப்படி இல்லை, ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்ற எதிர் அயனியாக மிதக்கிறது. பி.எச். 7.6-ல் கரியின் மேற்பரப்பில் இருக்கும் ஆக்சிஜன் தொகுதிகளும் எதிர் மின்சுமையோடுதான் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். ஈயத்துக்கு நல்ல கரி குரோமேட்டுக்கு மோசமான கரியாக இருப்பது இதனால்தான்.

அடுத்தது சல்பேட். லிட்டருக்கு 400 மி.கி. என்றால் சுமார் 4.2 மில்லிமோல். குரோமியம் 2 மி.கி. என்பது 0.038 மில்லிமோல். ஒரு குரோமேட்டுக்கு எதிரே நூறுக்கு மேல் சல்பேட், அயனியின் பருமனும் ஏறத்தாழ அதே, மின்சுமையும் அதே. கரியில் ஓர் இடம் காலியானால் யார் போய் உட்காருவார்கள் என்று நீங்களே பாருங்கள். அந்த 99 சதவீதம் காய்ச்சி வடித்த நீரில், பி.எச். 2-ல் வந்த எண்.

பாலாற்றங்கரை | 3-6-2024, பகல் 1.40
அப்போ பி.எச். 2-க்கு இறக்கிட்டா?

கரிச்சட்டி | 3-6-2024, இரவு 9.05
இறக்கலாம், வேலையும் செய்யும். பி.எச். 2-3-ல் கரியின் மேற்பரப்பு நேர் மின்சுமை பெறும். அதைவிட முக்கியம், கரியே குரோமியம்-6-க்கு எலக்ட்ரான் கொடுத்து, நச்சு குறைந்த குரோமியம்-3 ஆக ஒடுக்கிவிடும்.

செலவைப் பார்க்கலாம். காரத்தன்மை என்பது நீர் எவ்வளவு அமிலத்தைத் தின்னும் என்ற அளவு; 300 என்றால் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 6 மில்லி ஈக்விவலண்ட். ஆயிரம் லிட்டரில் அதை மட்டும் கொல்ல 294 கிராம் கந்தக அமிலம். அதற்கு மேல் பி.எச். 3 வரை போக இன்னும் 49 கிராம். கடை அமிலம் 98 சதவீதம் என்றால் ஏறத்தாழ 350 கிராம், அதாவது 190 மில்லி. (அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. நுரைத்துக்கொண்டு கரியமில வாயு வரும், மூடிய தொட்டியில் செய்யாதீர்கள்.) இதனால் சல்பேட் லிட்டருக்கு இன்னும் 330 மி.கி. கூடும். பிறகு பி.எச்.சைத் திரும்ப ஏற்ற சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ வேண்டும். பி.எச். 2 என்றால் அந்த 49 கிராம் பத்து மடங்காகும்.

நிறமாலை | 4-6-2024, காலை 6.50
மேலே உள்ளதில் ஒரு பொறி இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வாரம் ஒருவராவது இதில் விழுவார்.

டைஃபீனைல்கார்பசைடு முறை (நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) 540 நானோமீட்டரில் குரோமியம்-6-ஐ மட்டும் காட்டும். பி.எச். 2-ல் கரி அதை குரோமியம்-3 ஆக்கிவிட்டால் ஊதா நிறம் வராது. "முழுவதும் நீங்கியது" என்று எழுதுவார்கள். உண்மையில் குரோமியம்-3 தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். அதே வடிநீரை ஏ.ஏ.எஸ். (அணு உறிஞ்சல் நிறமாலை) கருவியில் 357.9 நானோமீட்டரில் மொத்த குரோமியம் பாருங்கள், பாதி திரும்ப வந்து நிற்கும். பி.எச்.சை 8-க்கு ஏற்றி, படிய வைத்து, வடிகட்டிய பிறகுதான் "நீங்கியது" என்ற சொல்லுக்கு அர்த்தம். இரண்டு அளவீடும் இல்லாத அறிக்கையை ஓரமா வைங்க.

மாதிரி எடுப்பதிலும் கவனம். மொத்த உலோகத்துக்கு நைட்ரிக் அமிலம் போட்டு பி.எச். 2-க்குக் கீழே வைப்பது சரி. குரோமியம்-6 பார்க்க வேண்டிய புட்டியில் அதைப் போட்டால் போகும் வழியிலேயே ஒடுங்கிவிடும். அதற்குத் தனிப் புட்டி, அமிலம் இல்லாமல், எடுத்தவுடன் வடிகட்டி, 4 டிகிரியில், 24 மணி நேரத்துக்குள்.

பாலாற்றங்கரை | 4-6-2024, காலை 10.15
எங்க ஊர்ல தோல் தொழிற்சாலை குரோமியம்தானே எல்லாம்? அதுவும் இதே கதையா?

கரிச்சட்டி | 4-6-2024, மாலை 6.30
இல்லை. இந்தக் குழப்பம் உங்கள் பகுதியில் அதிகம். தோல் பதனிடப் பயன்படுவது பேசிக் குரோமியம் சல்பேட், அது குரோமியம்-3. அதற்குக் கரியே தேவையில்லை. பி.எச். 8-8.5-க்கு ஏற்றினால் ஹைட்ராக்சைடாக வீழும். மெக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்த்தி, அமிலத்தில் கரைத்து மறுபடி தோலுக்கே விடும் முறை பல ஆலைகளில் இருக்கிறது.

கிணற்றில் மஞ்சளாக வருவது குரோமியம்-6. சிப்காட்டில் 1990-களின் நடுவில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மேடு சுமார் 1.5 லட்சம் டன் என்பார்கள். மழைநீர் அதில் இறங்கி நிலத்தடிக்குப் போகிறது. மூலத்தை மூடாமல் கிணற்றில் வடிகட்டி வைப்பது ஓட்டை வாளியை அடைக்காமல் தரையை ஓயாமல் துடைப்பது போல. அது வேறு விவாதம், இங்கே வேண்டாம்.

அளவுகோல்: குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்வது மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மி.கி. ஆலைக் கழிவை ஆறு, ஏரியில் விட குரோமியம்-6 0.1, மொத்தம் 2.0. உங்கள் கிணற்று நீர் குடிநீர் அளவைப்போல் 40 மடங்கு.

மூட்டம் | 5-6-2024, காலை 8.00
குரோமேட்டை விடுங்க. உமிக்கரியில் ஈயம் 98 சதவீதம் போகுது, நானே அளந்தேன். லிட்டருக்கு 50 மி.கி. ஈயம், 5 கிராம் கரி, 2 மணி நேரம். இதை எப்படி மோசம்னு சொல்வீங்க?

நிறமாலை | 5-6-2024, காலை 8.45
முடிவில் பி.எச். எவ்வளவு?

மூட்டம் | 5-6-2024, காலை 11.20
8.9. தொடங்கும்போது 5.5.

நிறமாலை | 5-6-2024, பகல் 12.05
அப்படியென்றால் கரி ஈயத்தைப் பிடித்ததா, சாம்பல் ஈயத்தை வீழ்த்தியதா என்று உங்கள் அளவீடு சொல்லவில்லை. கரிச் சாம்பலின் காரம் பி.எச்.சை ஏற்றியது, அதில் ஈயம் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் வீழ்ந்திருக்கும். வடிதாளில் நின்றது எல்லாம் "உறிஞ்சப்பட்ட" கணக்கில் போய்விட்டது.

சோதிக்கும் விதம்: கரி இல்லாத புட்டி ஒன்று, அதில் காஸ்டிக் சொட்டி பி.எச். 8.9-க்கு ஏற்றுங்கள். அதே 2 மணி நேரம், அதே வடிதாள். ஈயம் அதிலும் குறைந்தால் பெருமை கரிக்கு இல்லை. அடுத்து, கரியைக் கழுவி, பி.எச். 5-5.5-ல் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பச் செய்யுங்கள். அப்போது வரும் எண்தான் கரியின் எண்.

இன்னொன்று, கிணற்று நீரில் ஈய நைட்ரேட்டைக் கரைத்து "நிஜத் தண்ணீர்" என்று சோதிக்காதீர்கள். 400 மி.கி. சல்பேட் உள்ள நீரில் 50 மி.கி. ஈயம் போட்டால் கரி போடும் முன்பே ஈய சல்பேட் வீழத் தொடங்கும்.

மூட்டம் | 7-6-2024, இரவு 10.10
செய்தேன். கரி இல்லாத புட்டியில் 93. கழுவிய கரி, பி.எச். 5.2-ல் பிடித்தது: 41. வாயை மூடிக்கிறேன்.

கரிச்சட்டி | 8-6-2024, காலை 7.30
41-ம் வீண் இல்லை. அந்த எண்ணை ஏற்றத்தான் கரியை மாற்றியமைப்பது. மேலும், வீழ்ந்தாலும் தண்ணீரிலிருந்து போனது போனதுதானே என்று கேட்கலாம். போனதுதான், ஆனால் சாம்பலின் காரம் முதல் சில கழுவலோடு தீர்ந்துவிடும். ஜாடியில் 98 காட்டிய கரி, குழாயில் நிரப்பித் தொடர்ந்து நீர் விட்டால் இரண்டாம் நாளே கைவிடுவது இதனால்.

உமிக்கு இன்னொரு குறை, சிலிக்கா. உமியில் 15-20 சதவீதம் சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. கரியாக்கினால் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாம்பலே நிற்கும். அது துளைகளை அடைத்துக்கொண்டு எடையை மட்டும் கூட்டுகிறது. நீக்க: 100 கிராம் கரிக்கு ஒரு லிட்டர் 2 நார்மல் காஸ்டிக் (லிட்டருக்கு 80 கிராம்), 90 டிகிரி, 2 மணி நேரம், எஃகுப் பாத்திரம். அலுமினியம் வேண்டாம், கரைந்து ஹைட்ரஜன் வரும். வடிநீர் சோடியம் சிலிக்கேட். அதே சாக்கடைக் குழாயில் அடுத்து அமிலம் ஊற்றினால் கஞ்சி போல உறைந்து குழாயை அடைத்துவிடும்.

இதற்கு ஆகும் காஸ்டிக், கழுவும் நீர் எல்லாவற்றையும் கூட்டினால் "உமி மலிவு" என்பது பாதி உண்மைதான். உமிக்கரியால் பல் தேய்த்த காலத்தில் இந்தக் கவலை எல்லாம் இல்லை.

பாலாற்றங்கரை | 8-6-2024, காலை 9.00
திருவண்ணாமலை பக்கம் மல்லாட்டைத் (நிலக்கடலை) தோல் மூட்டை மூட்டையா கிடைக்கும். அது?

கரிச்சட்டி | 8-6-2024, இரவு 8.20
உமியைவிட நல்லது. சாம்பல் குறைவு. பருத்திமாரும் (காய்ந்த பருத்திச் செடித் தண்டு) நல்லது, துண்டு கொஞ்சம் கெட்டியாக நிற்கும். தென்னை நார்க் கழிவு என்றால் முதலில் நன்றாக அலசுங்கள், உப்பு ஏராளம்.

குரோமேட்டுக்கு வேண்டியது இரும்பு ஏற்றிய கரி, மேலே படியும் இரும்பு ஹைட்ராக்சைடுதான் அதைப் பிடிக்கும். 100 கிராம் கரிக்கு 10 கிராம் இரும்பு என்ற கணக்கு:

450-500 டிகிரியில் ஒரு மணி நேரம் காற்றில்லாமல் சுட்ட கரி. 200 லிட்டர் டிரம்மில் சுட்டால் நடுவும் ஓரமும் ஒரே சூடு இருக்காது. பழுப்பாக, கையில் நார் நாராக வருவதைப் பொறுக்கித் தள்ளுங்கள். இடித்து, பி.எஸ்.எஸ். 16 சல்லடையில் இறங்கி 30-ல் நிற்பதை எடுங்கள், அதாவது 0.5 முதல் 1 மி.மீ. லிட்டருக்கு 9 மில்லி கடை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பி.எச். அசையாமல் நிற்கும்வரை அலசுங்கள்.

29 கிராம் ஃபெரிக் குளோரைடை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, கரியைப் போட்டு 2 மணி நேரம் கலக்குங்கள். கலக்கியபடியே 1 நார்மல் காஸ்டிக் (லிட்டருக்கு 40 கிராம்) சொட்டுச் சொட்டாக. கணக்குப்படி 537 மில்லி, ஆனால் கணக்கை நம்பாமல் மீட்டரை நம்பி பி.எச். 7-ல் நிறுத்துங்கள். கடைசி 50 மில்லிக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. அவசரப்பட்டால் இரும்பு ஹைட்ராக்சைடு கரியின் மேல் ஒட்டாமல் தனியே செஞ்சேறாக வீழும். பார்க்க நன்றாக இருக்கும், முதல் அலசலிலேயே ஓடிவிடும்.

இரவு முழுக்க விட்டு, அலசி, 60-80 டிகிரியில் உலர்த்துங்கள். அடுப்பில் வைத்து வறுக்காதீர்கள். படிகமில்லாத ஹைட்ராக்சைடு சூட்டில் ஹேமடைட்டாக மாறி, பிடிக்கும் பரப்பு சுருங்கும்.

மூட்டம் | 9-6-2024, காலை 6.40
29 கிராமா? எங்க கடையில் மஞ்சள் கட்டியா கிடைப்பதைப் போட்டேன், 300 மில்லி காஸ்டிக்கிலேயே பி.எச். 7 தாண்டிடுச்சு.

கரிச்சட்டி | 9-6-2024, காலை 7.15
என் தவறு. 29 கிராம் என்பது நீரற்ற ஃபெரிக் குளோரைடு, கறுப்பாக இருக்கும். மஞ்சள் கட்டி ஆறு மூலக்கூறு நீரோடு வருவது, அதில் இரும்பு 20.7 சதவீதம்தான். அதற்கு 48 கிராம். நீர் சுத்திகரிப்புக்கு விற்கும் 40 சதவீதத் திரவம் என்றால் 73 கிராம் (மில்லி இல்லை, எடை). நீங்கள் செய்த கரியில் 10-க்குப் பதில் 6 கிராம் இரும்பு இருக்கும். தூக்கிப் போட வேண்டாம், அளவைக் குறித்து வையுங்கள்.

கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: மல்லாட்டைத் தோலையே ஃபெரிக் குளோரைடில் ஊறவைத்துப் பிறகு சுட்டால் ஒரே வேலையில் முடியாதா? முடியும், காந்தத்தில் ஒட்டும் கரிகூட வரும். ஆனால் சுடும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்பும். டிரம் சீக்கிரம் அரித்துப் போகும், நுரையீரலும்தான். வாயுவைக் கழுவும் வசதி இல்லாத இடத்தில் செய்யக் கூடாது.

நிறமாலை | 9-6-2024, பகல் 2.30
இரும்புக் கரி வைப்பவர்களுக்கு: ஒரு கிராம் கரியை 100 மில்லி நீரில் ஒரு மணி நேரம் குலுக்குங்கள். நீர் செம்மண் நிறமானால் மறுபடி அலசல். கசியும் இரும்பு லிட்டருக்கு 1 மி.கி.யைத் தாண்டினால் டைஃபீனைல்கார்பசைடு சோதனையில் மஞ்சள்-பழுப்பாகக் கலந்து கணக்கைக் கெடுக்கும். சரியாக வேகாத கரி இதற்கு நேர்மாறு: அதிலிருந்து கரையும் பழுப்புப் பொருள் சோதனை அமிலத்திலேயே குரோமியம்-6-ஐ ஒடுக்கி, இருப்பதை இல்லாதது போலக் காட்டும். வடிநீரில் தெரிந்த அளவு குரோமியம்-6 சேர்த்து, அது முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மூல நீர்மம் லிட்டருக்கு 1,000 மி.கி.க்கு 2.829 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட். கையுறையோடு, அது புற்றுநோய்ப் பொருள்.

கரிச்சட்டி | 11-6-2024, இரவு 9.50
3-ஆம் தேதி எழுதியதில் பி.எச். 2-3 பற்றிச் சொன்னது வெறும் கரிக்குத்தான். இரும்புக் கரிக்கு அவ்வளவு கீழே போகவே கூடாது, ஏற்றிய இரும்பு கரையும். இரும்பு ஹைட்ராக்சைடின் மேற்பரப்பு பி.எச். 8 வரை நேர் மின்சுமையோடு இருக்கும். 7.6-ல் மிச்சம் கொஞ்சம்தான். 6.5-க்கு இறக்கினால் தெரியுமளவு கூடும், ஆயிரம் லிட்டருக்கு 65 மில்லி கந்தக அமிலம் போதும். ஆனால் திறந்த தொட்டியில் கரியமில வாயு வெளியேற வெளியேற பி.எச். மறுபடி ஏறும். அமிலம் விட்டதை மாலைவரை வைத்திருக்காமல் உடனே குழாய்க்கு விடுங்கள்.

இப்போது அந்த "எத்தனை கிலோ" கேள்வி. 4 அங்குல பி.வி.சி. குழாய், 60 செ.மீ. கரி: 4.7 லிட்டர். தொடுநேரம் (நீர் கரியோடு இருக்கும் நேரம்) 20 நிமிடம் வைத்தால் மணிக்கு 14 லிட்டர். ஒரு லிட்டர் கரி 350 கிராம் என்றால் உள்ளே 1.65 கிலோ. உங்கள் தண்ணீரிலேயே சோதித்து கிராமுக்கு 1 மி.கி. பிடிக்கிறது என்று வந்தால், மொத்தம் 1,650 மி.கி. 2 மி.கி. உள்ள நீர் 825 லிட்டர். இரண்டரை நாள். அதன்பின் கரி மாற்றணும்.

"ஆனால் கிராமுக்கு 40 மி.கி. என்று படித்தேனே" என்பீர்கள். அது 200 மி.கி. கரைசலில் தொடங்கி, முடிவில் 100 மி.கி.க்கு மேல் மிச்சமிருக்கும் நிலையில் வந்த எண். உங்களுக்கு வேண்டியது 0.05 மிச்சமிருக்கும்போது எவ்வளவு பிடிக்கிறது என்பது. நீரில் மிச்சமிருப்பதற்கு எதிரே கரி பிடித்ததைக் காட்டும் வரைபடத்தின் இடது கோடியைப் பாருங்கள், உச்சியை அல்ல.

பாலாற்றங்கரை | 12-6-2024, காலை 7.00
அப்போ இது ஆகாத வேலைன்னு சொல்லிட்டு முடிச்சிருக்கலாமே.

கரிச்சட்டி | 12-6-2024, காலை 8.10
தனியாக நின்று ஆகாது. முன்னால் ஒரு ஆளை நிறுத்தினால் ஆகும். அன்னபேதி. அதாவது ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு. ஒரு கிராம் குரோமியம்-6-ஐ ஒடுக்க 16 கிராம் அன்னபேதி. உங்கள் ஆயிரம் லிட்டரில் 2 கிராம், ஆக 32 கிராம். பி.எச். 7-க்கு மேல் நீரில் கரைந்த ஆக்சிஜனும் அன்னபேதியைத் தின்னும், பச்சையாக இருக்க வேண்டியது பழசாகி மஞ்சள் பூத்திருக்கும், எனவே 80 கிராமில் தொடங்கி, ஜாடி சோதனை செய்து (சிறு ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்த்து) குறையுங்கள். அமிலமே வேண்டாம். கலக்கி, ஒரு மணி நேரம் படியவிட்டு, மணல் வடிகட்டி. குரோமியம்-3-ம் இரும்பும் ஒன்றாக வீழும்.

மிச்சம் 0.1, 0.2 என்று நிற்பதைத்தான் இரும்புக் கரிக் குழாய்க்கு அனுப்ப வேண்டும். 20 மடங்கு குறைந்த நீர் என்பதால் கரி 20 மடங்கு நாள் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அடர்த்தி குறைந்தால் பிடிக்கும் அளவும் குறையும்.

மூட்டம் | 12-6-2024, காலை 8.55
அப்போ அன்னபேதி மட்டும் கூட்டிப் போட்டா கரியே வேண்டாமே?

கரிச்சட்டி | 12-6-2024, பகல் 1.15
பல இடங்களில் வேண்டாம்தான். ஒரு கிராம் குரோமியத்துக்கு உலர்ந்த சேறு குறைந்தது 8 கிராம், அன்னபேதியைக் கூட்டினால் சேறும் கூடும், இரும்பும் வடிநீரில் வரும். அன்னபேதியின் அளவு கொஞ்சம் தவறும் நாளில் பின்னால் ஒரு காவல் வேண்டும். கரிக்கு அந்த வேலை பொருந்தும்.

இவ்வளவும் செய்து வரும் நீரைக் குடிக்கலாமா என்றால், ஒவ்வொரு தொகுதியையும் அளக்க வழியில்லாத வீட்டில் கூடாது.

மூட்டம் | 15-6-2024, மாலை 5.20
ஈயத்துக்குத் திரும்புறேன். பெர்மாங்கனேட் ஏற்றினா நல்லாருக்கும்னு சொல்றாங்க?

கரிச்சட்டி | 15-6-2024, இரவு 10.00
ஈயம், காட்மியம் இரண்டுக்கும் நல்லது. மாங்கனீசு ஆக்சைடு கரியின் மேல் படிந்து நேர் அயனிகளைப் பிடிக்கும். கரைசலாக மட்டும், ஊதா நிறம் போகும்வரை. உலர்ந்த பெர்மாங்கனேட்டையும் உலர்ந்த கரித்தூளையும் ஒன்றாக அரைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். வடிநீரில் மாங்கனீசு பாருங்கள், குடிநீர் அளவு லிட்டருக்கு 0.1 மி.கி. ஈயத்தை எடுத்து மாங்கனீசைக் கொடுத்த கதை ஆகிவிடக் கூடாது.

பாலாற்றங்கரை | 22-6-2024, காலை 6.30
குழாய் வைத்தாச்சு. அன்னபேதி, மணல், பிறகு கரி. முதல் நாள் 0.05-க்குள். ரெண்டாம் நாள் 0.09. கரி அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?

நிறமாலை | 22-6-2024, காலை 9.10
மேலிருந்து விடுகிறீர்களா, கீழிருந்தா?

பாலாற்றங்கரை | 22-6-2024, காலை 9.30
மேலிருந்து. ராத்திரி மோட்டார் நிறுத்திடுவோம்.

நிறமாலை | 22-6-2024, காலை 10.00
தீரவில்லை. இரவில் நீர் வடிந்து கரிக்குள் காற்று புகுந்திருக்கும். காலையில் நீர் குழாய் ஓரமாக வழி பிடித்து இறங்கும். கீழிருந்து மேலே விடுங்கள், வெளியேறும் குழாயைக் கரி மட்டத்துக்கு மேல் வைத்தால் நிறுத்தினாலும் கரி மூழ்கியே இருக்கும். கரி நிரப்பும் முன் ஓர் இரவு ஊறவைத்து, குழம்பாக ஊற்றுங்கள். 20, 40 செ.மீ. உயரத்தில் மாதிரி எடுக்கத் தலா ஒரு சிறு குழாய் வையுங்கள். 40-ல் குரோமியம் தலைகாட்டினால் கரி மாற்றும் நேரம்.

பாலாற்றங்கரை | 29-6-2024, இரவு 7.45
கீழிருந்து மாத்தினோம். ஏழு நாளா 0.05-க்குள்ள. 20 செ.மீ.யில் 0.06. தீர்ந்த கரியை என்ன பண்றது? செங்கல் சூளைக்காரர் கேட்கிறார்.

கரிச்சட்டி | 29-6-2024, இரவு 8.05
கொடுக்கவே கூடாது. கரியிலிருக்கும் குரோமியம்-3, காற்றோடும் சாம்பலின் காரத்தோடும் சூடானால் திரும்ப குரோமியம்-6 ஆகும். குரோமேட் ஆலையில் செய்ததும் அதைத்தான். வயலிலும் போடக் கூடாது, பெயர் உயிர்க்கரி என்பதால் உரம் ஆகிவிடாது. கரியும் அன்னபேதிச் சேறும் டி.சி.எல்.பி. கசிவுச் சோதனைக்குப் போகணும். குரோமியம் லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் கசிந்தால் அபாயக் கழிவு. அதற்கான புதைகிடங்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

அதுவரை வடியவிட்டு, தடித்த பிளாஸ்டிக் பை இரண்டடுக்கு, மழை படாத சிமெண்ட் தரை. பையின் மேல் தேதி, எடை, எந்தக் குழாய் என்று அழியாத மையில் எழுதுங்கள். புதுக் கரி மூட்டை பக்கத்திலேயே வைக்காதீர்கள், இரண்டும் பார்க்க ஒரே கறுப்பு.